உதகைச் சரிவில் ஒரு சிறு பசுமைக்குடில்: இடம் பிடிபட இரண்டு பனிக்காலம்

பின்னணி

இந்தக் குடும்பம் இருப்பது உதகையிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, சுமார் 2,200 மீட்டர் உயரத்தில். கணவன், மனைவி இருவருமே ஓய்வு பெற்ற ஆசிரியர்கள். தோட்டத்தைக் கவனிப்பது டீச்சர்தான். தூக்குவது, கட்டுவது, கணக்கு எழுதுவது எல்லாம் சார். நான் பக்கத்துத் தெரு. பைப் வளைக்கவும் ஷீட் இழுத்துக் கட்டவும் தெரியும் என்பதால் முதல் நாளிலிருந்தே கூட இருந்தேன். இதில் நடந்த தவறுகளில் எனக்கும் பங்கு உண்டு. பெயர் வேண்டாம், மற்றபடி எல்லாவற்றையும் எழுதுங்கள் என்று இருவரும் சொன்னார்கள்.

மொத்தம் 9 சென்ட். மேற்கே ரோடு, ரோட்டை ஒட்டி வீடு, வீட்டுக்குப் பின்னால் கிழக்கு நோக்கி இறங்குகிற சரிவு. சரிவை மூன்று மட்டமாக வெட்டி, ஒவ்வொரு மட்டத்துக்கும் நடுவே ஐந்தடி உயரத்துக்குக் கல்கட்டு கட்டியிருந்தார்கள். மேல்மட்டம் குறுகல். நடுமட்டம் 20 அடி அகலம். கீழ்மட்டம்தான் பெரியது, தரையும் சமம். அதன் எல்லையில் ஏழடி உயரத்துக்கு அடர்த்தியாக வெட்டி வளர்த்த சைப்ரஸ் வேலி. வேலிக்கு அப்பால் பள்ளம், ஓடை. தென்கிழக்கு மூலையில் பக்கத்து நிலத்துக்காரரின் சில்வர் ஓக் மரங்கள் ஒரு வரிசை, நாற்பது அடி உயரம் இருக்கும்.

டீச்சருக்கு வேண்டியது தக்காளி, குடைமிளகாய், கொஞ்சம் கொத்தமல்லி, ஒரு கறிவேப்பிலைக் கன்று. கேரட்டும் பீட்ரூட்டும் இங்கே வெட்டவெளியிலேயே வரும். கறிவேப்பிலைதான் இந்தக் குளிரில் இழுத்துக்கொண்டே கிடந்து ஒரு பனியில் கருகிவிடும். அதற்காகத்தான் குடில்.

முதல் இடம், அதைத் தேர்ந்த காரணம்

2021 அக்டோபரில் 10 அடிக்கு 16 அடியில் ஜி.ஐ. பைப் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) வளைவு போட்டு, புறஊதாக் கதிரைத் தாங்கும் 200 மைக்ரான் பாலி ஷீட் போர்த்தினோம். இடம் கீழ்மட்டம்.

அன்றைக்கு அது சரியான முடிவாகவே பட்டது. தரை சமமாக இருந்ததால் மண் வெட்டும் வேலை இல்லை. தென்மேற்குப் பருவக்காற்று வீட்டையும் இரண்டு கல்கட்டுகளையும் தாண்டித்தான் அங்கே வர வேண்டும், கிழக்கே வேலி வேறு, அதனால் காற்றுத் தொந்தரவே இருக்காது என்று கணக்குப் போட்டோம். நீளவாக்கைக் கிழக்கு மேற்காக வைத்து, நீளப் பக்கம் தெற்கைப் பார்க்கும்படி அமைத்தோம். சார் நிறைய வீடியோ பார்த்திருந்தார், எல்லாவற்றிலும் அப்படித்தான் சொல்லியிருந்தார்களாம். நானும் யோசிக்காமல் தலையாட்டினேன்.

அந்த வீடியோக்கள் எல்லாம் இங்கிலாந்துத் தோட்டங்களுக்கானவை. லண்டன் இருப்பது வடக்கே 51 பாகையில். டிசம்பர் கடைசியில் அங்கே நண்பகல் சூரியன் அடிவானத்துக்கு மேல் 15 பாகைதான் ஏறும். நாள் முழுக்கத் தெற்கே தாழ்வாகவே நகரும் அந்த வெயிலைப் பிடிக்க நீளப் பக்கம் தெற்கைப் பார்த்தே ஆக வேண்டும். உதகை 11 பாகையில் இருக்கிறது. அதே நாளில் இங்கே நண்பகல் சூரியன் 55 பாகை உயரத்தில் நிற்கும். சித்திரை முதல் வாரத்தில் நேராகத் தலைக்கு மேல் வந்து, அப்புறம் வடக்கே தாண்டி, ஆவணி முதல் வாரத்தில்தான் மறுபடியும் தலைக்கு மேலாகத் தெற்கே திரும்பும். அந்த நான்கு மாதமும் நண்பகல் வெயில் வடக்கிலிருந்துதான் விழுகிறது. உத்தராயணம், தட்சிணாயணம் என்று காலண்டரில் வருஷா வருஷம் பார்க்கிறோம், குடிலுக்குத் திசை பார்க்கும்போது மட்டும் எங்கள் யாருக்கும் அது நினைவுக்கு வரவில்லை.

பக்கத்து வீட்டுப் பாட்டி ஒரு தடவை வேலியோரம் நின்று, "டீச்சரம்மா, அந்தக் குழியில பனி நின்னு விழும், பார்த்துக்கோங்க" என்று சொன்னார். ஷீட் போடப்போகிறோமே பாட்டி, அதற்குத்தானே இது என்று டீச்சர் பதில் சொன்னார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

முதல் பனிக்காலம்

நவம்பர், டிசம்பர் மழையும் மேகமுமாகப் போயிற்று. செடிகள் உயிரோடு இருந்தன, ஆனால் தக்காளி மெலிந்து நெட்டையாக ஓடியது. காலையில் உள்ளே போனால் ஷீட்டின் உள்பக்கம் முழுக்க நீர் கோத்து, தலையில் சொட்டும். பத்து மணி வரை இலை காயாது. டிசம்பர் நடுவில் இலைக்கருகல் ஆரம்பித்தது.

ஜனவரியில் வானம் தெளிந்தது. தொடர்ந்து நான்கு இரவு காற்றே இல்லை, நட்சத்திரம் பளிச்சென்று தெரிந்தது. ஐந்தாம் நாள் காலையில் டீச்சர் போன் செய்தார். போய்ப் பார்த்தால், குடிலுக்குள்ளே தக்காளி வெந்நீர் ஊற்றின கீரை மாதிரி துவண்டு தொங்கியது. குடைமிளகாயும் அப்படியே. கறிவேப்பிலையின் நுனி கருத்திருந்தது. உள்ளே தொங்கவிட்ட வெப்பமானி இரவின் குறைந்த அளவாக 0 காட்டியது.

மூடிய குடிலுக்குள் எப்படி என்பதுதான் அன்றைக்கு எல்லோருக்கும் இருந்த கேள்வி. சாதாரண பாலி ஷீட் காற்றைத் தடுக்கும், ஆனால் இரவில் தரையும் செடியும் வானத்தை நோக்கி வெளியேற்றுகிற வெப்பக் கதிரைப் பெரிதாகத் தடுக்காது. மேகம் இருந்தால் அந்த வெப்பத்தில் ஒரு பங்கு திரும்பி வரும். தெளிந்த இரவில் போனது போனதுதான். பகலில் நிலத்தில் சூடு ஏறியிருந்தால் அது விடியற்காலை வரை ஈடுகொடுக்கும். எங்கள் குடிலில் பகலிலும் போதிய வெயில் விழவில்லை, இரவில் சுற்றிலும் குளிர்காற்று குளமாக நின்றது. இரண்டும் சேர்ந்துகொண்டன.

கவனித்தவை

உடனே குடிலைப் பிரிக்கலாம் என்று சார் சொன்னார். டீச்சர் சம்மதிக்கவில்லை. எங்கே மாற்றுவது என்று தெரியாமல் பிரித்து என்ன செய்வது, பனிக்காலம் முடிவதற்குள் பார்த்துவிடலாம் என்றார். இந்த முழு நிகழ்விலும் மிக உருப்படியான முடிவு அதுதான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

முதலில் நிழல். மேகமில்லாத ஒரு நாளில் காலை ஏழரையிலிருந்து ஒரு மணிக்கு ஒரு தடவை, ஓக் மரங்களின் நிழல் எங்கே முடிகிறதோ அந்த விளிம்பில் டீச்சர் கோலப்பொடியால் கோடு இழுத்தார். பனிக்காலச் சூரியன் நேர்கிழக்கில் உதிப்பதில்லை, தென்கிழக்கில்தான் உதிக்கிறது. அதனால் அந்த மரங்களின் நிழல் முழுவதும் வடமேற்காக நீண்டு நேரே கீழ்மட்டத்தின் மேல் படுக்கிறது. எட்டரை மணிக்கு மரத்தின் உயரத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல் நிழல். கீழ்மட்டத்துக்கு வெயில் வரப் பத்தாகிவிட்டது. நடுமட்டம் ஐந்தடி உயரம், மரத்திலிருந்து தள்ளியும் இருக்கிறது, அங்கே எட்டே முக்காலுக்கே வெயில் விழுந்தது. மேல்மட்டத்தில் எட்டேகால்.

அடுத்தது பனி. இதற்கு எந்தக் கருவியும் வேண்டியிருக்கவில்லை. நான்கு எவர்சில்வர் தட்டில் அரை அங்குலம் தண்ணீர் ஊற்றி, கீழ்மட்டத்தில் வெளியே ஒன்று, குடிலுக்குள் ஒன்று, நடுமட்டத்தில் ஒன்று, மேல்மட்டத்தில் ஒன்று என்று இரவில் வைத்தோம். காலை ஆறேகாலுக்குப் போய்ப் பார்த்தபோது கீழே வெளியில் இருந்த தட்டு அடிவரை உறைந்து, கவிழ்த்தால் வட்டமாகக் கழன்று வந்தது. குடிலுக்குள் இருந்ததில் கண்ணாடித்தாள் கனத்துக்கு ஓர் ஏடு. நடுமட்டத்தில் ஓரம் மட்டும் ஊசி ஊசியாகப் பிடித்திருந்தது. மேலே வெறும் தண்ணீர். இந்தத் தட்டுகளுக்கு நடுவே மொத்தம் எழுபதடி தூரம்கூட இல்லை.

மூன்றாவது தற்செயலாகக் கிடைத்தது. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் டீச்சர் வீட்டுக்குள் சாம்பிராணி போட்டுவிட்டு, கரண்டியைப் பின்வாசல் படியில் வைத்திருந்தார். புகை மேலே எழும்பவே இல்லை. படியில் இறங்கி, மேல்மட்டத்தில் முழங்கால் உயரத்துக்கு ஊர்ந்து, கல்கட்டின் விளிம்பில் தண்ணீர் வழிகிற மாதிரி வழிந்து நடுமட்டத்துக்குப் போயிற்று, அங்கேயும் நிற்காமல் கீழே இறங்கிற்று. டீச்சர் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். கரண்டியைக் கீழ்மட்டத்துக்கே எடுத்துப் போய் வைத்தோம். புகை வேலி வரைக்கும் போய், வேலியில் முட்டி, இரண்டு பக்கமும் பரவி, அப்படியே நின்றுவிட்டது. குளிர்ந்த காற்று கனமானது, சரிவில் கீழ்நோக்கித்தான் ஓடும் என்று படித்திருக்கிறோம், அதைக் கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான். ஓடைப் பக்கம் போக வேண்டிய குளிரை அந்த அடர்ந்த சைப்ரஸ் வேலி அணை மாதிரி தேக்கி வைத்திருந்தது. காற்றுக்குத் தடுப்பு என்று நாங்கள் கொண்டாடிய வேலி இரவில் இந்த வேலையைச் செய்துகொண்டிருந்தது. பாட்டி சொன்ன குழியும் இதுதான்.

கடைசியாகக் காற்று. அதற்கு ஜூன் வரை காத்திருந்தோம். பழைய நிழல்வலையைக் கீற்றாகக் கிழித்துக் கம்புகளில் கட்டி அங்கங்கே நட்டோம். மேல்மட்டத்தில், வீட்டின் தெற்கு மூலைக்கு அருகில் நட்ட கம்புகளில் கீற்று ஒரு திசையில் பறக்காமல் சுழன்று சுழன்று அடித்து, பத்தே நாளில் நார்நாராகிவிட்டது. வீட்டுச் சுவரில் மோதி மூலையைச் சுற்றி வருகிற காற்று அது. சுவருக்குப் பின்னால் காற்று இருக்காது என்று நினைப்பது தவறு. முழுச்சுவர் காற்றை மேலே எறியும், எறிந்த காற்று பின்பக்கம் சுருண்டு விழும். நடுமட்டத்தில் கீற்றுகள் ஒரே பக்கமாக, மிதமாக ஆடின.

எடுத்த முடிவுகள்

நான் மேல்மட்டத்தைத்தான் சொன்னேன். பனி இல்லை, வெயில் முதலில் வருகிறது, குழாய் பக்கத்திலேயே இருக்கிறது. கிழிந்த கீற்றுகளைப் பார்த்த பிறகு விட்டுவிட்டேன். நடுமட்டத்தில் வெயில் அரை மணி நேரம் தாமதம், லேசாகப் பனியும் உண்டு. ஆனால் இரண்டையும் சமாளிக்கலாம், மூலைக்காற்றைச் சமாளிக்க முடியாது என்பதால் நடுமட்டம் என்று முடிவாயிற்று.

ஓக் மரங்களின் கிளையைக் கழிக்கச் சொல்லிக் கேட்கலாமா என்ற பேச்சும் வந்தது. மலைப்பகுதி மரப் பாதுகாப்புக்கென்று 1955 முதல் சட்டம் இருக்கிறது, மரத்தில் கை வைக்க அனுமதி வேண்டும், அதோடு மரம் நமதும் இல்லை. குடிலை நகர்த்துவதுதான் சுலபம் என்று அந்தப் பேச்சை விட்டோம்.

திசையை மாற்றினோம். நடுமட்டம் தெற்கு வடக்காக நீண்டது, குடிலையும் அதன் போக்கிலேயே வைத்தோம். காலையில் கிழக்கு நீளப் பக்கம், மாலையில் மேற்கு நீளப் பக்கம் என்று வெயில் இரண்டு பக்கமும் விழும், நிழலும் ஒரே இடத்தில் தங்காமல் நாள் முழுக்க நகரும். நம் அட்சரேகையில் இதனால் எந்த நஷ்டமும் இல்லை. மேற்கே மேல்மட்டத்துக் கல்கட்டிலிருந்து ஆறடி விட்டோம். கிழக்கைப் பார்த்த அந்தக் கல் காலை வெயிலை வாங்கி, முன்னிரவு வரை வெதுவெதுப்பாக இருந்தது. ஒட்டியே வைக்கலாமே என்றார் சார். மழைத்தண்ணீர் கல்லிடுக்கில் கசிகிறது, ஆள் போய் ஷீட் துடைக்கவும் இடம் வேண்டும் என்று ஆறடி.

இரண்டு நீளப் பக்கமும் சுருட்டி ஏற்றுகிற திரை வைத்தோம். தென்மேற்கு மழையில் கிழக்குத் திரையை மட்டும் திறக்க வேண்டும், ஐப்பசி கார்த்திகை மழை கிழக்கிலிருந்து வரும்போது மேற்குத் திரையை மட்டும். உள்ளே மேற்கு ஓரமாகக் கறுப்புச் சாயம் பூசிய 200 லிட்டர் டிரம் இரண்டு, தண்ணீர் நிரப்பி. ஒரு டிரம் தண்ணீர் 10 டிகிரி ஆறினால் 2.3 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான சூட்டை வெளியே விடும், கரண்ட் செலவு இல்லாமல்.

கீழ்மட்டத்து வேலியில் மூன்றடி அகலத்துக்கு இரண்டு இடத்தில் அடியோடு வெட்டித் திறந்துவிட்டோம், குளிர் இறங்கிப் போக.

2022 செப்டம்பரில் குடிலைப் பிரித்து மாற்றினோம். பைப் எல்லாம் பழையது, ஷீட் மட்டும் புதிது. மூன்று நாள் வேலை.

பிறகு நடந்தது

வேலியைத் திறந்த பதினைந்தாம் நாள் காட்டுப்பன்றி வந்து கீழ்மட்டத்தை உழுதுவிட்டுப் போயிற்று. திறப்பில் வெல்டு மெஷ் என்கிற கம்பிவலை அடித்தோம். பன்றி நின்றது, காற்று போகிறது. சாம்பிராணிப் புகையை வைத்து மறுபடியும் பார்த்தோம், மெஷ் வழியாக நூல் நூலாக வெளியேறியது.

அந்த ஜனவரியில், பனி கொட்டிய இரவுகளில், கீழ்மட்டத்தில் தரை வெள்ளையாக இருந்தபோது குடிலுக்குள் குறைந்தபட்சம் 4 டிகிரிக்குக் கீழே போகவில்லை. தக்காளி அந்தக் குளிரில் வளராமல் அப்படியே நின்றது, ஆனால் சாகவில்லை; மாசியில் மறுபடி துளிர்த்தது. மிகக் கடுமையான இரண்டு இரவில் டீச்சர் கறிவேப்பிலைக்கு மேல் பழைய போர்வையையும் போட்டார். உதகை தாவரவியல் பூங்காவில் பூச்செடிகளைப் பனியிலிருந்து காக்க மிலார் செடியைப் பரப்பி மூடுவார்களே, அதே யோசனைதான். காலை ஒன்பதரைக்குள் இலை காய்ந்துவிட்டதால் கருகல் நோய் அந்த வருடம் வரவே இல்லை. எனக்கு இதுதான் பெரிய ஆச்சரியம், ஏனென்றால் மருந்து எதுவும் மாற்றவில்லை, இடத்தைத்தான் மாற்றினோம்.

எல்லாம் நன்றாகப் போகவில்லை. 2023 மார்ச் கடைசியில் இரண்டு திரையும் திறந்திருந்தும் நண்பகலில் உள்ளே 39, 40 என்று ஏறியது. பூ வைத்த தக்காளி எல்லாம் பூவை உதிர்த்தது. 50 சத நிழல்வலை வாங்கிக் குடிலுக்குள் கட்டினேன், ஒரு பயனும் இல்லை. வெயில் உள்ளே வந்த பிறகு வலை அதை வாங்கிச் சூடாகி, அந்தச் சூடும் உள்ளேயே நிற்கிறது. வலையை வெளியே, ஷீட்டுக்கு ஓரடி மேலே கம்பி இழுத்துக் கட்டிய பிறகுதான் 33, 34க்கு இறங்கியது. அதே வலையை ஜூனில் கழற்ற மறந்தோம். மேகமூட்ட மாதங்களில் இருக்கிற வெளிச்சமும் பாதியாகி, குடைமிளகாய் நாற்று கம்பி மாதிரி நீண்டு சாய்ந்தது. அந்த நாற்று மொத்தமும் வீண்.

ஜூலையில் தென்மேற்கு மூலையில் ஷீட் கிழிந்தது. நடுமட்டத்தில் காற்று மிதம்தான், ஆனால் பலமான இரண்டு நாளில் வீட்டு மூலையின் சுழல் அங்கேயும் எட்டிவிட்டது. கிழிந்ததை ஒட்டிவிட்டு, மேல்மட்டத்தின் ஓரத்தில் பாதிக் காற்று ஊடுருவுகிற மாதிரி ஆறடிக்கு வலைத் தடுப்பு கட்டினோம். 2024 பருவக்காற்றில் ஷீட் கிழியவில்லை.

மறுபடி செய்தால் மாற்றுவது

டீச்சர் சொல்வது ஒன்றுதான்: முதல் பைப் வாங்குவதற்கு முன்னால் ஒரு தை மாதமும் ஒரு ஆடி மாதமும் தோட்டத்தைச் சும்மா பார்த்திருப்பேன். நான்கு தட்டுக்கும் ஒரு சாம்பிராணிக் கரண்டிக்கும் காசு ஆகாது, முதல் ஷீட்டும் கூலியும் போனதில் பதினெட்டாயிரம் ஆயிற்று. அக்கம்பக்கத்து வீட்டுப் பெரியவர்களிடம் பனி எங்கே விழும் என்று முதலிலேயே உட்கார்ந்து கேட்டிருக்கவும் வேண்டும், பாட்டி கேட்காமலே சொன்னார், நாங்கள்தான் காதில் வாங்கவில்லை.

கதவைத் தெற்கு முனையில் வைத்தது சரியில்லை. ஆடிக்காற்று அந்த முனையைத்தான் அறைகிறது, கதவைத் திறக்கும்போதெல்லாம் ஷீட் உப்புகிறது. வடக்கு முனைக்கு மாற்ற வேண்டும், இன்னும் செய்யவில்லை. கூரையின் உச்சியில் சூடு வெளியேற ஒரு திறப்பு முதலிலேயே விட்டிருந்தால் சித்திரை வெயிலில் நிழல்வலை இத்தனை மாதம் தேவைப்பட்டிருக்காது. வளைவு பைப்பில் இப்போது அதைச் சேர்ப்பது கடினம் என்பதால் இரண்டு முனையிலும் மேலே ஜன்னல் வெட்டலாமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

டிரம் இரண்டும் மேற்கு ஓரத்தில் இருப்பதையும் யோசிக்க வேண்டும். காலை வெயில் அதன் மேல் நன்றாக விழுகிறது, ஆனால் செடி உயர்ந்த பிறகு முன்னால் நிற்கிற தக்காளியே அதற்கு நிழலாகிவிடுகிறது. வடக்கு முனைக்கு ஒன்றை நகர்த்தி, இந்தப் பனிக்காலத்தில் இரண்டு இடத்தின் வெப்பமானியையும் சார் எழுதி வைப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

கீழ்மட்டத்தில் இப்போது பீட்ரூட்டும் முட்டைக்கோஸும் போட்டிருக்கிறார்கள், லேசான பனியை அவை தாங்குகின்றன. கறிவேப்பிலை என் தோள் உயரம் வந்துவிட்டது. போன வாரம் டீச்சர் ஒரு கொத்து ஒடித்துப் பாட்டி வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார்.